உச்சத்தில் கத்தினால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

"ஆங்கிலப் பாட்டுகளில் உங்களை உலுக்கிய ஒரு குரல் எது?" என்று கடந்த இதழில் கேட்டிருந்தோம். பதிலாகப் பட்டியல்கள் வந்தன, சண்டைகளும் வந்தன. பழைய ரொக், பொப் பாட்டுகளைப் பற்றிய கடிதங்களை மட்டும் இந்தத் தடவை எடுத்திருக்கிறேன். ராப் கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்கள் முறையும் வரும்.

குளியலறைப் பாடகர், தெஹிவளை

அண்ணா, என்னைப் பொறுத்தவரை உச்சஸ்தாயியில் நிற்க முடியாதவர் பாடகரே இல்லை. குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி நான்கு ஸ்தாயி பாடுவாராம். அவரை மிஞ்ச ஆள் உண்டா? நண்பர்களோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பந்தயக் காசை எடுத்து வையுங்கள் தம்பி. 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அவருடைய பாட்டுகளையும் பேட்டிகளையும் வைத்து அந்தக் குரலை அலசினார்கள். நான்கு ஸ்தாயி என்பதை அவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. பேசுகிற குரலைப் பார்த்தால் ஆள் பெரும்பாலும் பரிடோன், அதாவது ஆண்குரல்களில் நடுத்தரம். அதைத் தூக்கி டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல், உயரத்தில் வைத்துப் பாடியிருக்கிறார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்: 1975இல் வந்த 'போஹீமியன் ராப்சடி'யின் நடுவில், அந்த ஒபேராப் பகுதியில் காதைத் துளைத்துக்கொண்டு போகிற மிக உயர்ந்த சுரம் மெர்க்குரியுடையதல்ல. டிரம்ஸ் அடித்த ரோஜர் டெய்லர் பாடியது.

அவரைக் கொண்டாட அந்த ஸ்தாயிக் கணக்கு தேவையுமில்லை. அதே ஆய்வில் இரண்டு விஷயம் சுவாரசியமானது. அவருடைய குரலின் அதிர்வு, விப்ராட்டோ என்பார்களே, அது மற்றப் பாடகர்களுடையதைவிட வேகமானது, சீரில்லாததும் கூட. இரண்டாவது, அவர் உறுமுகிற இடங்கள். அங்கே குரல்நாண்களோடு சேர்ந்து அவற்றுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் அதிர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சோதித்துப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, அதனால் அவரைப் போலப் பாடக்கூடிய ஒரு ரொக் பாடகரை உறுமச் சொல்லி, அதிவேகக் கமராவால் தொண்டையைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது 'த ஷோ மஸ்ட் கோ ஒன்'. 1991 பெப்ரவரியில் வந்த இசைத்தட்டின் கடைசிப் பாட்டு. நோய் முற்றியிருந்த நேரம். மெட்டு இருந்த உயரத்தைப் பார்த்து, இவரால் இது முடியுமா என்று கிட்டார் வாசித்த பிரையன் மேயே தயங்கியிருக்கிறார். மெர்க்குரி கொஞ்சம் வொட்காவை விழுங்கிவிட்டுப் போய்ப் பாடினார். அதே வருடம் நவம்பர் 24இல் காலமானார். அந்தப் பாட்டில் உச்சம் நிறைய உண்டு, ஆனால் முதல் வரிகளை எவ்வளவு அடக்கி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். முதல் வரியிலிருந்தே கத்தியிருந்தால் இரண்டாவது நிமிடத்தில் நாங்கள் எழுந்து தேநீர் போடப் போயிருப்போம்.

ஒரு மகள், வெள்ளவத்தை

எங்கள் அப்பாவுக்கு ஜிம் ரீவ்ஸை விட்டால் வேறு பாடகர் இல்லை. பிள்ளைகள் "தாத்தாவின் தாலாட்டு" என்று சிரிக்கிறார்கள். உண்மையில் அவர் பெரிய பாடகரா, இல்லை நாங்கள் பழக்கத்தில் கேட்கிறோமா?

பிள்ளைகள் சிரிக்கட்டும், அப்பா கேட்டுக்கொண்டிருக்கட்டும். பழக்கமும் ஒரு காரணம்தான். இலங்கை வானொலியின் ஆங்கில சேவையோடு வளர்ந்த தலைமுறைக்கு அவர் தவிர்க்க முடியாதவர். டிசம்பர் பிறந்தால் கொட்டாஞ்சேனைப் பக்கமும் வத்தளைப் பக்கமும் இன்றைக்கும் அவருடைய நத்தார்ப் பாட்டுகள்தான். ஆனால் பழக்கத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

ஆரம்பத்தில் அவரும் அமெரிக்காவின் மற்ற கன்ட்ரி (கிராமிய இசை) பாடகர்களைப் போல உரக்கப் பாடியவர். பிறகுதான் மைக்குக்கு மிகக் கிட்டப் போய், குரலை இறக்கிப் பாடத் தொடங்கினார். 1957இன் 'ஃபோர் வோல்ஸ்' அப்படி வந்தது. 'ஹீல் ஹாவ் டு கோ' 1959இல் பதிவாகி அடுத்த வருடம் ஊரெல்லாம் ஒலித்தது. அந்தப் பாட்டின் கதையே ஒரு தொலைபேசி அழைப்பு: மறுமுனையில் காதலி, அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவன். இவன் குரலை உயர்த்தினால் மரியாதை போய்விடும், கெஞ்சினாலும் போய்விடும். அதனால் இறங்குகிறான். கடைசி வரிக்கு வரும்போது குரல் கீழே கீழே போய், நம்மில் பலருக்கு வெறும் காற்று மட்டும் வருகிற ஆழத்தில் நிற்கிறது. அங்கேயும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. தெஹிவளைத் தம்பி கவனிக்க, கீழ்ஸ்தாயியும் ஸ்தாயிதான்.

1964 ஜூலை 31இல், அவரே ஓட்டிய சிறிய விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 40. அப்பாவிடம் கேட்டால் அந்தச் செய்தி வந்த நாளைச் சொல்லக்கூடும்.

ஊர்ப்பற்றாளர், கொச்சிக்கடை

எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கை எங்கள் ஆள் என்று சொல்லலாமா?

1936இல் சென்னையில் பிறந்தவர், அப்போது மதராஸ். 1967இல் 'ரிலீஸ் மீ' பாட்டால் பீட்டில்ஸையே இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தவர். எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், யார் வந்து கேட்கப் போகிறார்கள். குரல் நல்ல குரல், எனக்குச் சீனி கொஞ்சம் கூட.

இரவு விழித்திருப்பவர், கிருலப்பனை

ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்ட்டர்' பாட்டில் இடையில் ஒரு பெண் கத்துவார், மயிர் சிலிர்க்கும். யார் அவர்? அப்படிப்பட்ட வேறு பாட்டு உண்டா?

மெரி கிளேட்டன். 1969, லொஸ் ஏஞ்சலிஸ். பாட்டு கிட்டத்தட்ட முடிந்த நிலையில் ஒரு பெண்குரல் வேண்டும் என்று தோன்ற, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் ஜக் நிட்ஷே என்ற தயாரிப்பாளர் அவருடைய வீட்டுக்கு அழைப்பு எடுக்கிறார். அவர் படுக்கப் போய்விட்டார், வயிற்றில் பிள்ளை வேறு. தலையில் சுருட்டிகளோடு, இரவு உடுப்புக்கு மேலே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறார். கையில் கொடுத்த வரியில் கொலையும் வன்புணர்வும் இருந்தன. இதை ஏன் பாட வேண்டும் என்று கேட்டு, காரணம் தெரிந்த பிறகுதான் பாடியிருக்கிறார். முதலில் ஒரு தடவை. பிறகு, வந்ததுதான் வந்தோம், இவர்களை ஒரு கை பார்த்துவிடுவோம் என்று இன்னும் உயரத்துக்கு ஏற்றி மறுபடியும்.

பாட்டு மூன்றாவது நிமிடத்தைத் தொடும் இடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கொடிய வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கையில் குரல் விரிசல் விடுகிறது, பிறகு இன்னும் மோசமாக உடைகிறது. உடைந்த அடுத்த கணம் பின்னால் குழுவின் பாடகர் மிக் ஜகர் தன்னை மறந்து கூவுவது மெல்லியதாகக் கேட்கும். பாட்டின் சொந்தக்காரர் ரசிகனாகிப்போன இடம் அது, யாரும் அழிக்கவில்லை. சங்கீத ஆசிரியர் ஒருவர் இதைத் தவறு என்பார். போர் நடக்கிறது, வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று பாடுகிறவளின் குரல் உடையாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். கொழும்பில் இருந்துகொண்டு இதை விளக்கத் தேவையில்லை.

அன்றைய இரவுக்குப் பிறகு அவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. அந்தப் பாட்டு நீண்ட காலம் அவருக்குக் கசப்பாகவே இருந்தது. போதாக்குறைக்கு, இசைத்தட்டு உறையில் பெயரையும் பிழையாக அச்சடித்திருந்தார்கள்.

வேறு பாட்டு கேட்டீர்கள். பிங்க் ஃபுளோய்டின் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை', 1973. பாடியவர் கிளேர் டொரி. லண்டன் அபே ரோட் கலையகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வேலை, ஞாயிறு என்பதால் இரட்டைச் சம்பளம், மொத்தம் 30 பவுண். பாட்டுக்கு வரிகள் கிடையாது, சாவைப் பற்றியது என்பதற்கு மேல் குழுவினருக்கே என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் அவர் வழக்கம்போல "பேபி, பேபி" என்று தொடங்க, சொல்லே வேண்டாம் என்றுவிட்டார்கள். சரி, நானும் ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொள்வோம் என்று பாடியதுதான் நாம் கேட்பது. முடித்துவிட்டு, மிகையாகப் போய்விட்டதோ என்று கூச்சத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாராம்.

சொல்லில்லாமல் ஒரு குரல் நிமிடக்கணக்கில் போவது ஆலாபனை கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதில்லை. ஆனால் ஆலாபனைக்கு ராகம் என்று ஒரு வேலி உண்டு. இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை, பியானோ போகிற வழி மட்டும் தெரியும். பாதிக்கு மேல் போனபின் கத்தலெல்லாம் அடங்கி முனகலாகக் குறைகிற பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் போடுவேன். 30 பவுண் கதைக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு: 2004இல் வழக்குப் போட்டார், அடுத்த வருடம் இணக்கத்துக்கு வந்தார்கள், இப்போது அந்தப் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவருடைய பெயரும் போடப்படுகிறது. நியாயம்தான்.

கலியாண மண்டபத்தார், மட்டக்குளி

போனி எம் குழுவில் குதித்துக் குதித்து ஆடுகிற அந்த ஆணின் கட்டைக் குரல் ஏன் உங்கள் பட்டியலில் வருவதே இல்லை?

ஆடியவர் பொபி ஃபரல். இசைத்தட்டில் அந்தக் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. பெண்குரல்களில் லிஸ் மிச்சலைக் கவனியுங்கள், அவர்தான் அந்தக் குழுவின் உண்மையான சொத்து. 1978இன் 'ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்' பாட்டுக்கு வரிகள் பெரும்பகுதி பைபிளின் 137ஆம் சங்கீதத்திலிருந்து வந்தவை, ஊர் பறிபோய் அந்நிய நாட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறவர்களின் பாட்டு. நாங்கள் அதைப் போட்டுத்தான் கேக் வெட்டியபின் ஆடுகிறோம், அதுவும் பாதிச் சொந்தக்காரர்கள் கனடாவிலிருந்து வந்து நிற்கும் மண்டபத்தில்.

பழையது பொன், பம்பலப்பிட்டி

இப்போது எல்லாம் கணினி வேலை. ஓட்டோ டியூன் இல்லாத அந்தக் காலத்தில் நேராக நின்று ஒரே மூச்சில் பாடினார்கள். தந்திரம் எதுவும் இல்லை. சரிதானே ஐயா?

சரியில்லை. ஓட்டோ டியூன், சுருதி பிசகினால் திருத்துகிற மென்பொருள், 1997இல்தான் வந்தது என்பது உண்மை, அதற்கு முன்னால் தந்திரம் இல்லை என்பது கதை. பீட்டில்ஸின் ஜோன் லெனனுக்குத் தன் குரலே பிடிக்காது. ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதும் அலுப்பு. அவருடைய தொல்லை தாங்காமல் 1966இல் கென் டவுன்சென்ட் என்ற அபே ரோட் பொறியியலாளர், நாடா இயந்திரங்களை வைத்தே ஒரு குரலை இரண்டாக்குகிற முறையைக் கண்டுபிடித்தார். அதே வருடம், மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுகிற மாதிரிக் கேட்க வேண்டும் என்று லெனன் சொல்ல, குரலை ஓர்கனுக்கான சுழலும் ஒலிபெருக்கிக்குள் விட்டு எடுத்தார்கள். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் எதிரொலிக்காக மாடிப்படிக்கட்டில் நின்று பாடியிருக்கிறார். இதெல்லாம் தந்திரமில்லாமல் வேறென்ன?

எனக்கு மிகப் பிடித்த தந்திரம் டேவிட் போவியின் 'ஹீரோஸ்'. 1977, பெர்லின், பெரிய மண்டபம் போன்ற கலையகம். தயாரிப்பாளர் டோனி விஸ்கொன்டி மூன்று மைக் வைத்தார்: ஒன்று வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், அடுத்தது சுமார் 20 அடி தள்ளி, மூன்றாவது 50 அடி தள்ளி. தூரத்து மைக் இரண்டும் சாதாரணமாக மூடிக் கிடக்கும், குரல் ஓர் அளவைத் தாண்டினால்தான் திறக்கும். ஆகவே மண்டபத்தின் முழக்கம் தனக்குத் துணைக்கு வர வேண்டுமானால் போவி அதை உரத்துப் பாடிச் சம்பாதிக்க வேண்டும். தொடக்கத்தில் நம் காதருகே பேசுகிறவர், கடைசி வரிகளில் 50 அடி தாண்டிக் கேட்கக் கத்துகிறார். அதைப் பொறியால் செய்தது விஸ்கொன்டி, தொண்டையால் செய்தது போவி, இதில் எது தந்திரம் எது பாட்டு என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

சரி, உங்கள் மனம் நோகாமலிருக்க ஒன்று. 1963 பெப்ரவரி 11. பீட்டில்ஸ் தங்கள் முதல் நெடுந்தட்டுக்காக ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு செய்கிறார்கள். லெனனுக்குத் தடிமன், தொண்டை போய்விட்டது. 'ட்விஸ்ட் அன்ட் ஷவுட்'டைக் கடைசிக்கு வைத்தார்கள், அதைப் பாடினால் பிறகு குரல் இருக்காது என்று தெரியும். தொண்டை மாத்திரை, கொஞ்சம் பால், சட்டையைக் கழற்றிவிட்டு ஒரே தடவை. இரண்டாவது தடவை முயன்றார்கள், வரவில்லை. முதலாவதுதான் இசைத்தட்டில் இருக்கிறது. இங்கே நீங்கள் சொன்ன ஒரே மூச்சு உண்மை.

ஒரு தாய், நுகேகொடை

மகள் ட்ரினிட்டி பாட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். எப்போது பார்த்தாலும் விட்னி ஹியூஸ்டன் மாதிரிச் சுரங்களைச் சுழற்றப் பார்க்கிறாள். எதைக் கேட்கச் சொல்லலாம்?

கரன் கார்ப்பென்டர். 'யெஸ்டர்டே வன்ஸ் மோர்' எல்லாருக்கும் தெரியும், மகளுக்கு 1971இன் 'சுப்பர்ஸ்டா'ரைப் போட்டுக்கொடுங்கள். வரிகளை ஒரு கைக்குட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மாதிரிக்காக முதல் தடவை பாடிய பாட்டு. அதையே வைத்துக்கொண்டார்கள் என்று அண்ணன் ரிச்சர்ட் சொல்லியிருக்கிறார். முதல் வரி பெண்களுக்குத் தாழ்வான சுரத்தில் தொடங்குகிறது. நீண்ட சுரம் ஒன்றை நேராகப் பிடித்து, அது முடியப்போகிற இடத்தில் மட்டும் மெதுவாக அதிரவிடுவார். மகளிடம் அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், சுழற்றுவதைவிட எவ்வளவு கடினம் என்று அவளுக்கே புரியும். அவர் தன்னை முதலில் டிரம்ஸ் வாசிப்பவராகத்தான் நினைத்தார் என்பதையும் சொல்லுங்கள், தாளத்தில் எங்கே பிந்தலாம் என்று தெரிந்த குரல் அது. 1983இல், 32 வயதில், உணவை வெறுக்கும் நோயால் உண்டான இதயக் கோளாற்றில் இறந்துபோனார்.

விட்னியைக் கேட்க வேண்டாம் என்று தடுக்காதீர்கள். 1992இன் அந்தப் பெரிய பாட்டு, 'ஐ வில் ஒல்வேஸ் லவ் யூ', அதன் தொடக்கத்தைக் கேட்கட்டும், வாத்தியமே இல்லாமல் தனிக்குரல். சுழற்சி பிறகுதான் வருகிறது.

சிகிரியா ரசிகன், மொரட்டுவை

டுரான் டுரான் 1982இல் நம் நாட்டில் வீடியோ எடுத்த 'சேவ் அ பிரேயர்' உங்களுக்குப் பிடிக்குமா?

சிகிரியா பிடிக்கும். பொலநறுவையும் பிடிக்கும்.

தமிழ்க்காதலன், கொட்டாஞ்சேனை

எல்லாம் வெள்ளைக்காரர் பாட்டாகவே இருக்கிறதே. நம்மிடம் பொப் குரல் இல்லையா?

இல்லாமல் என்ன. 70களில் பொப்பிசை என்று நாடே ஆடியதை மறந்துவிட்டீர்களா? நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யைக் கேளுங்கள். பயிற்சி பெற்ற சங்கீதக் குரல் இல்லை, யாழ்ப்பாணத்துப் பேச்சு கிட்டாருக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதுதான் அதன் வெற்றியும். ஒரு சங்கீத வித்துவான் பாடியிருந்தால் அந்த மாமி வாசலையே திறந்திருக்க மாட்டார். 'சுராங்கனி' பாடிய ஏ.ஈ. மனோகரன் வேறு வகை: மேடைக்காரர், குரலிலேயே உடம்பு ஆடும். இவர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுத ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அவசரக்காரர், கல்கிசை

ஒன்றே ஒன்று. பெயரைச் சொல்லுங்கள், வழவழ வேண்டாம்.

ரோய் ஓர்பிசன், 'ரன்னிங் ஸ்கேர்ட்', 1961. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பல்லவி என்று திரும்பி வருகிற பகுதியே கிடையாது, பாட்டு ஏறிக்கொண்டே போகிறது. பழைய காதலன் வந்துவிடுவானோ என்று ஒருவன் பயந்துகொண்டிருக்கிறான், வந்தே விடுகிறான், அவள் யாரோடு போவாள் என்பது கடைசி வரியில்தான் தெரியும். அந்தக் கடைசிச் சுரத்தைக் கள்ளக் குரலில் தொடாமல் முழுக்குரலில் போய்ப் பிடிக்கிறார். தெஹிவளைத் தம்பி, உங்கள் உச்சஸ்தாயி இதோ, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை.

ரொக் வெறியன், தெமட்டகொடை

லெட் செப்பெலின் இல்லாமல் ஒரு குரல் பட்டியலா? வெட்கமாக இல்லையா? ஆறு பாட்டு எழுதி அனுப்புகிறேன், ரொபர்ட் பிளான்ட் பற்றி எழுதுங்கள்.

உங்கள் ஆறில் ஒன்று உண்மையாகவே குரலுக்காகக் கேட்க வேண்டியது: 1970இன் 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ'. பிளான்டுக்கு அப்போது இருபதைத் தாண்டி ஓரிரு வயதுதான், ஆனால் பாதி வாழ்க்கை வேலைத்தளத்தில் தேய்ந்தவன் மாதிரிப் பாடுகிறார். தணிந்த இடங்களில் டிரம்ஸ் மிதிகட்டை கீச்சிடுவதுகூடக் கேட்கும், எண்ணெய் போட மறந்துவிட்டார்கள் போல. மற்ற ஐந்தும் கிட்டாருக்காகக் கேட்கிற பாட்டுகள். அதற்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.